மூடியிருந்தால் மைனிக்கு ஆகாது

மைனி இருக்கிற இடத்தில் எதையும் மூடி வைத்துப் பிரயோசனமில்லை. கழுகுமலையில் ஒரு கல்யாணம். பந்தி ஆரம்பிக்கும் முன்பே சமையல்கட்டுக்குள் போய், அண்டாவின் மூடியைத் தூக்கிப் பார்த்து, அவியலில் வாழைக்காய் வேகவில்லை என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டாள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீட்டு அத்தை என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு அத்தை என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் பயந்துபோய் அவியலை மறுபடி அடுப்பில் ஏற்றினார்கள். அவள் யாருக்கும் அத்தை இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு வாடகைக்குப் போன டிரைவர் நான். கோயிலைப் பார்க்க வேண்டும் என்று என் வண்டியில் புருஷனோடு தொற்றிக்கொண்டு வந்தவள் அவள்.

வேகாததை வேகவில்லை என்று சொன்னதில் தப்பில்லை. ஆனால் மூடியை ஏன் தூக்கினாய் என்று கேட்டால், “மூடியிருந்துச்சு” என்பாள். அதுதான் காரணம். என் தங்கை மகள் சடங்குக்கு நான் வாங்கி வைத்திருந்த சுவர்க் கடிகாரத்தின் வண்ணக் காகிதத்தை, நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் பிரித்துவிட்டாள். “ஓடுதான்னு பாக்காம ஒருத்தர் கையில குடுக்கலாமா?” கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது. காகிதம்தான் பழையபடி ஒட்டவில்லை. சபையில் கசங்கிய பொட்டலத்தை நீட்டிவிட்டு நான் அசடு வழிந்தேன்.

எங்கள் பக்கத்தில் அண்ணியை மைனி என்போம். அவள் எனக்கு மட்டும் மைனி இல்லை, டாக்சி ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் மைனி. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் புருஷன் எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. எட்டயபுரம் ரோட்டில் நான்கு கல்தூணும் தகரக் கூரையுமாக ஒரு செட் போட்டு, கார்களுக்குப் பெயின்ட் அடித்துவந்தார். தங்கமான மனிதர். யார் என்ன கேட்டாலும் “ஆகட்டும்” என்பார். நாளைக்கு வேண்டும் என்றால் ஆகட்டும், இன்றைக்கே வேண்டும் என்றாலும் ஆகட்டும். அந்த ஆகட்டும்களையெல்லாம் ஒவ்வொன்றாக ஆகாது என்று திருத்துவது மைனியின் வேலை. ஸ்ப்ரே கன் அவர் கையில். அதற்கு முன்னால் வருகிற சுரண்டல், தேய்ப்பு, துரு எடுப்பது எல்லாம் அவள் கையில்.

நெட்டையான உருவம். சேலைக்கு மேலே அண்ணாச்சியின் பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. இடதுகைக்காரி. இடது கையால் அவள் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்க்கும்போது, எதிரே நின்று பார்க்கிற நமக்கு ஏதோ தலைகீழாக நடப்பதுபோல இருக்கும். அதனாலேயே அவளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கைரேகை தேய்ந்து விரல் நுனியெல்லாம் வழவழவென்று இருக்கும். அந்த விரல் நுனியைத்தான் அவள் நம்பினாள். கண் பொய் சொல்லும் என்று சொல்லமாட்டாள். கண்ணுக்கு அவசரம் என்பாள்.

எங்கள் பக்கத்துக் கார்களுக்கு வியாதி வருவதே கீழிருந்துதான். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசியில் நாலு மழை பெய்தால் கரிசல் மண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மட்கார்டுக்கு உள்ளே, கதவின் அடி விளிம்பில், அப்பி அப்பி ஏறும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். உள்ளே இருக்கிற மண் ஈரத்தை விடாது. தை பிறக்கும்போது வெளிப் பெயின்டில் சின்னதாக ஒரு கொப்புளம் வரும். நம் கண்ணுக்கு அது மிளகு அளவு. மைனி அதை நகத்தால் தட்டுவாள். தகடு நன்றாக இருக்கிற இடத்தில் ஒரு சத்தம், கெட்ட இடத்தில் ஒரு சத்தம். பிறகு சுரண்டியை எடுத்துக் கொப்புளத்தின் தலையைக் கிள்ளி, அங்கிருந்து சுற்றிலும் பெயின்டைத் தள்ளிக்கொண்டே போவாள். பளிச்சென்று நல்ல இரும்பு நாலாபுறமும் தெரிகிறவரைக்கும் நிறுத்தமாட்டாள். மிளகு அளவு உள்ளங்கை அளவாகும். சில வண்டிகளில் சோறு தின்கிற தட்டு அளவாகும்.

அதனால் அவளிடம் வண்டி விட வருகிறவர்கள் பயந்துகொண்டேதான் வருவார்கள். சின்னப் புள்ளியைக் காட்டிவிட்டுப் போய்த் திரும்பி வந்தால், கதவு அம்மை போட்டதுபோல நிற்கும். “நான் குடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு” என்று ஒருவர் அலறினார். அவள் ஆற அமரச் சொன்னாள்: “குடுக்கும்போதும் இப்படித்தான் இருந்துச்சு. அப்ப மூடியிருந்துச்சு.” அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார்.

தொட்டால் விடாத முரண்டு அது. துருவைச் சுரண்டி, முரட்டுத் தாளால் தேய்த்து, அப்புறம் தண்ணீர் தொட்டு மெல்லிய தாளால் தேய்த்து, பழைய பெயின்ட் முடிந்து இரும்பு தொடங்குகிற இடம் விரலுக்குத் தெரியாதபடி இழைப்பாள். பள்ளத்தில் ஒளிந்திருக்கிற துருவுக்கு ஆசிட் தடவிக் கழுவித் துடைத்துக் காயவைப்பாள். அதன்பிறகு அந்தத் தகட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. வேர்த்த கையை வைத்தால் மறுநாள் அந்த இடத்தில் ஐந்து விரலும் துருவில் பதிந்திருக்கும் என்பாள். பதிந்ததை நானே பார்த்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள், பெயின்டுக்கு அடியில் பூசுகிற சாம்பல் நிறப் பிரைமர் ஏறியாக வேண்டும். தேய்த்து முடித்த தகட்டை வெறும் உடம்போடு இருட்டில் விடக் கூடாது. இந்தச் சட்டங்களையெல்லாம் யார் போட்டது என்று கேட்டால், “வண்டி போட்டது” என்பாள்.

இப்போது அவர்கள் தூத்துக்குடியில் இருக்கிறார்கள் என்று கேள்வி. உப்புக் காற்று அடிக்கிற ஊர். இரும்பு என்று ஒன்று இருந்தால் துரு என்று ஒன்று நிச்சயம். அவளுக்கு அங்கே வேலைக்குப் பஞ்சமே இருக்காது. அந்த ஊர் வண்டிக்காரர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

துருவுக்கு வருவதற்கு முன்பு, கல்யாணமான புதிதில், அவள் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தாள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். குச்சி அடைத்த பெட்டிகளை அடுக்கிக் காகிதம் சுற்றி பண்டல் போடுவது அவள் பிரிவு. அதாவது நாள் முழுக்க மூடுகிற வேலை. அவளை அங்கே உட்காரவைத்தவரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

ஒரு கார்த்திகை மாதம் விடாத மழையாம். வெளியூர் போக லாரி நிற்கிறது. பண்டல்களை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றைத் தூக்கிக் கொடுக்கும்போது அவள் கைக்கு என்னவோ பட்டிருக்கிறது. நமுத்துப்போயிருக்கிறது என்று சொன்னாள். கணக்கப்பிள்ளை, வாயை மூடிக்கொண்டு ஏற்று என்றார். இவள் காகிதத்தைக் கிழித்தாள். அவர் ஓடி வருவதற்குள் இன்னொன்றைக் கிழித்தாள், அப்புறம் இன்னொன்று. பெட்டிகள் சிதறி ஈரத் தரையில் விழுந்தன. எல்லாரும் கூடிவிட்டார்கள். குச்சி நமுத்திருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு குச்சியை உரசினால் போதும். ஆனால் தீப்பெட்டி ஆபீசுக்குள் குச்சியை உரச முடியுமா? அந்தக் காம்பவுண்டுக்குள் பீடி பற்றவைத்தவனையே அடித்துத் துரத்துவார்கள். உரசிப் பார்க்காமலே கணக்கப்பிள்ளை அவளை வெளியே அனுப்பிவிட்டார். கேட்டைத் தாண்டியதும் கதவு சாத்தப்பட்டது.

இந்தக் கதையை மைனி பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கேட் சாத்தியதோடு நிறுத்திவிடுவாள். “நமுத்துத்தான் இருந்துச்சு தம்பி. எனக்குக் கையில தெரிஞ்சுதுல்லா” என்பாள். மற்ற எல்லாவற்றையும் திறந்து பார்த்துவிட்டாள், இது ஒன்று மட்டும் அவள் முகத்துக்கு முன்னால் சாத்தப்பட்டது. வேறு பேச்சுக்குப் போனாலும், கை சும்மா இருக்கும்போது பெருவிரலால் மற்ற விரல்களைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அந்தக் காகிதத்தைத்தான் தடவுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இனி என் கதைக்கு வருகிறேன். ரெண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம். புது வேன்கள் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டன. என் அம்பாசிடரைப் பார்த்தால் சவாரிக்காரர்கள் அடுத்த வண்டிக்கு நடந்துவிடுவார்கள். நாள் முழுக்க ஸ்டாண்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய் என் பெண்டாட்டி முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். அந்தச் சமயத்தில்தான் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மாத வாடகைக்குக் கார் தேடுவதாகத் தகவல் வந்தது. காலையில் வீட்டிலிருந்து ஆபீசுக்கு, சாயங்காலம் திரும்ப, நடுவில் சம்பந்தி வீடு, கோயில். அது கிடைத்தால் வண்டி என்னிடம் நிற்கும். கிடைக்காவிட்டால் விற்றுவிட்டுக் கயத்தாறில் யாரிடமாவது லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். போய்ப் பேசினேன். அவர் எனக்கு முகம் கொடுத்தே பேசினார். வண்டி லட்சணமாக இருக்க வேண்டும், திங்கட்கிழமை காலையில் கொண்டுவா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு வேன்காரரையும் வரச் சொல்லியிருந்தார்.

வண்டி வெள்ளை. பின்பக்க இடது கதவின் அடியில் நாலைந்து கொப்புளம். வெள்ளிக்கிழமை செட்டில் கொண்டுபோய் நிறுத்தி, மேலாகத் தேய்த்துப் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிடுங்கள், திங்கட்கிழமை காலையில் வேண்டும் என்றேன். அண்ணாச்சி ஆகட்டும் என்றார். மைனி குனிந்து கதவைத் தட்டினாள். கெட்ட இடத்துச் சத்தம்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தேன். கதவின் கீழ்ப்பாதியில் பெயின்டே இல்லை. எனக்கு முன்னால் வண்டியை வைத்திருந்தவர் துருவை அப்படியே விட்டுவிட்டு, மேலே பட்டியை அப்பி மூடியிருக்கிறார். மைனி அந்தப் பட்டியைத் தோசைத்துண்டு மாதிரிப் பெயர்த்துத் தரையில் அடுக்கி வைத்திருந்தாள். நல்லவேளையாகத் துரு தகட்டை ஓட்டை போடவில்லை, மேலோடு நின்றிருந்தது. ஆனால் கதவின் குறுக்கே முழுக்கப் பரவியிருந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சுரண்டிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பிரைமர், அன்றைக்கே பெயின்ட், திங்கட்கிழமை உங்கள் முதலாளி மூஞ்சியை இதில் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்ளலாம் என்றாள். அவள் சொன்னால் நடக்கும். நான் தைரியமாக வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் தேய்ப்பு முடிந்துவிட்டது. கதவைக் கழுவி, காயவைத்து, பிரைமர் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. இங்கே தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சித்திரையில் குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் அது ஊருக்கே திருவிழா. என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. குடிக்க, சோறு பொங்க அந்தத் தண்ணீர்தான். மற்றதற்கெல்லாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற போர்த் தண்ணீர். அது வாயில் வைக்க விளங்காது; குளித்தால் உடம்பில் உப்பு வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். மைனி நல்ல தண்ணீரில் ஒரு பச்சைக் குடத்தைத் தனியாக எடுத்து, வாய்க்குத் துணி கட்டி, செட்டின் மூலையில் வைத்திருந்தாள். அது கதவுக்கு. வீட்டில் பிள்ளைகளுக்குக்கூட அதைத் தொட அனுமதி கிடையாது.

அன்றைக்குப் பார்த்துத் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்த தெருக் குழாயில் சண்டை நடக்கிற சத்தம் கேட்டது. மைனி மற்றக் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். நான் பெயின்டைக் கரைக்கிற தின்னர் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது கதவு சாம்பல் நிறத்தில் மொழுமொழுவென்று நின்றது. அண்ணாச்சி கன்னைக் கழுவிக்கொண்டிருந்தார். என் அவசரத்தைப் பார்த்து அவர் மனசு பொறுக்கவில்லை. நானே கழுவித் துடைத்துப் பிரைமர் அடித்துவிட்டேன், பொழுதுக்குள் பெயின்டும் ஏற்றிவிடலாம் என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

மைனி இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாக இரண்டு குடத்தோடு வந்தாள். இறக்கி வைத்தாள். கதவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சுற்றி வந்து, மூலையில் இருந்த பச்சைக் குடத்தின் துணியை அவிழ்த்தாள். ஏன் அவிழ்த்தாள்? மூடியிருந்தது. குடம் தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது.

“குடம் நெறஞ்சு இருக்கே. கதவ எதுல கழுவுனிய?”

அண்ணாச்சி கழுவிய கன்னையே மறுபடி கழுவினார். ஓரத்தில் போர் மோட்டாரின் ஓஸ் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எப்பேர்ப்பட்ட மனிதர், குடிக்கிற தண்ணீரை இரும்புக்கு ஊற்ற மனசு வராமல் மிச்சம் பிடித்திருக்கிறார். எங்கள் ஊரில் பிறந்த யாரும் சித்திரையில் அதைத்தான் செய்வார்கள்.

மைனி தின்னரில் துணியை நனைத்தாள். பிரைமரைத் துடைத்தெடுக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். நாளைக் காலையில் வண்டி போகாவிட்டால் என் பிழைப்பு போய்விடும், இது உனக்கு விளையாட்டாக இருக்கிறதா, கதவு பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

“பாக்க நல்லாத்தான் இருக்கு. உள்ள உப்பு இருக்கு, கொழுந்தனாரே. இப்ப ஒண்ணும் சொல்லாது. ஐப்பசி மழைக்கு இந்தக் கதவு பூரா பொரிஞ்சு எந்திரிக்கும். அப்ப அந்த மொதலாளி உங்கள எறக்கிவிட்டுருவாரு. இன்னைக்குப் போறது நல்லதா, அன்னைக்குப் போறது நல்லதா?”

“தண்ணி பஞ்சத்துல கதவக் கழுவ நல்ல தண்ணியா? புள்ளையளுக்குக் குடிக்க வேண்டாமா?” என்றேன். அதற்கு என்ன சொல்வாள் பார்க்கலாம் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

“புள்ளைய ரெண்டு நாளைக்கு உப்புத்தண்ணி குடிச்சாச் செத்துரமாட்டாவ. கதவு செத்துரும். தள்ளுங்க.”

தள்ளி நின்றேன். அவள் பிரைமரை முழுக்கத் துடைத்தெடுத்தாள். மறுபடி தாள் பிடித்தாள். பச்சைக் குடம் தீர்ந்தது. சண்டை போட்டுப் பிடித்துவந்த இரண்டு குடத்தில் ஒன்றும் தீர்ந்தது. நடுவில் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள், போர்த் தண்ணீரில் போட்டது. சீனியும் உப்புமாக, பால் திரிந்து, வாயில் வைக்க முடியவில்லை. அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் குடித்தார். அவள் குடித்தாள். நானும் கோபத்தோடு குடித்து முடித்தேன்.

சூரியன் விழுவதற்குள் பிரைமர் ஏறிவிட்டது. பெயின்டுக்கு நேரமில்லை. ஈரத்தின்மேல் ஈரமாக அடிக்கமாட்டேன் என்று இந்தத் தடவை அண்ணாச்சியே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் மூன்று கதவு வெள்ளை, ஒரு கதவு சாம்பல் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். முதலாளி வீட்டு முன்னால் அந்தச் சாம்பல் கதவு காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருக்கிறமாதிரி நிறுத்தினேன். வேன்காரர் முன்பே வந்து பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளி வெளியே வந்தார். வேனைப் பார்த்தார். என் வண்டியின் வலது பக்கத்தைப் பார்த்து, பரவாயில்லையே என்றார். அப்புறம் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அத்தனை பெரிய உடம்பை நுழைத்து மறுபக்கம் போனார்.

“இது என்னது?”

என்னத்தைச் சொல்ல? நடந்ததை அப்படியே சொன்னேன். பிரைமரைத் துடைத்தெடுத்தது, குடத்துத் தண்ணீர், உப்புத் தேநீர் எல்லாம். வேன்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை.

“அந்தப் பொம்பள நெட்டையா இருக்குமா? எடது கையால வேலை செய்யுமா?”

ஆமாம் என்றேன்.

“பண்டலக் கிழிச்ச பிள்ளைதான.” அவர் இடுக்கிலிருந்து வெளியே வந்து திண்டில் உட்கார்ந்தார். “லாரிய நிப்பாட்டிட்டு அன்னைக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நானே உரசிப் பாத்தேன். மனசு கேக்கல. பண்டலுக்கு ஒரு பெட்டின்னு எடுத்து உரசினேன். எல்லாம் பத்திக்கிட்டு. ஒண்ணுகூட நமுக்கல. காஞ்ச சரக்கு.”

கணக்கப்பிள்ளை செய்தது சரிதானே என்று வேன்காரர் சொன்னார். முதலாளி அவரைக் கவனிக்கவில்லை.

“ஆனா உரசி முடிக்கிற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல பாத்துக்க. அன்னையில இருந்து ஒண்ணைப் பிரிச்சுப் பாக்காம லாரி எங்க ஆபீஸ விட்டுக் கெளம்புனது கெடையாது.” என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீ நாளையில இருந்து வா. பெயின்ட மெதுவா அடி. இந்த ஒரு கதவுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. மத்த மூணுதான் சந்தேகம்.”

அவளை ஏன் திரும்ப வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். கூப்பிட்டால் ஆபீஸ் முழுக்கப் பிரித்துப் போட்டுவிடுவாள் என்றார். அது நியாயமான பயம்தான்.

நேராகச் செட்டுக்கு வந்தேன். வாடகை கிடைத்த சந்தோஷத்தில் வாசலிலேயே ஆரனை அடித்தேன். அண்ணாச்சி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். மைனி ஒரு மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் கதவோடு எப்படிச் சம்மதித்தார் என்று கேட்டாள். முதலாளிக்கு உங்களைத் தெரியும் மைனி என்று சொல்லி, எந்த ஆபீஸ் என்றும் சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது.

“அவியளுக்கு என்னைய ஞாபகம் இருக்காக்கும்.” பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, பெருவிரலால் விரல்களைத் தேய்த்தபடி கேட்டாள். “அந்தப் பண்டலு. நமுத்து இருந்துச்சுன்னு சொன்னாவளா?”

அவளுக்குப் பின்னால் அண்ணாச்சி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஆமாம் என்று சொல்லிவிடு என்று எனக்குத் தலையை ஆட்டிக் காட்டினார். ஒரே வார்த்தைதான். அத்தனை வருஷமாக அவள் சொல்லிவந்தது அப்படியே நிற்கும், யாருக்கும் நஷ்டமில்லை, பார்க்கவும் நன்றாக இருக்கும். என் பிழைப்பை மீட்டுக்கொடுத்தவளுக்கு நான் அதைக்கூடச் செய்யமாட்டேனா என்று அவர் கண் கெஞ்சியது. எனக்குச் சொல்லிவிடத்தான் ஆசையாக இருந்தது. வெளியே என் வண்டியின் சாம்பல் கதவு தெரிந்தது.

“காஞ்சுதான் இருந்துச்சாம் மைனி. அவிய கையால ஒவ்வொண்ணா உரசிப் பாத்தாவளாம். எல்லாம் பத்திக்கிட்டாம்.”

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். மைனி தன் இடது கையை விரித்துப் பார்த்தாள். அந்தக் கையை அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

“காஞ்சா இருந்துச்சு? நல்லதாப் போச்சு. அந்த மழையில அம்புட்டு வீட்டுலயும் அடுப்பு பத்தியிருக்கும்.”

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து என் வண்டிக்குப் போனாள். சாம்பல் கதவைக் கடந்து முன்பக்கக் கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, நகத்தால் ஒரு தட்டு தட்டினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தட்டு. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் மூலையில் காலியாகக் கிடந்த பச்சைக் குடத்தை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, பெண்கள் வரிசை நிற்கிற அடுத்த தெருக் குழாய்க்கு நடந்தேன்.